கேஷ் ஒத்திசைவு: வன்பொருள் பார்த்துக்கொள்ளட்டுமா, மென்பொருளிடம் விடலாமா?

நத்தைக்கொம்பு:
பல பிராசசர்கள் ஒரே நினைவகத்தைப் பகிரும்போது, ஒன்று எழுதியது இன்னொன்றின் கேஷில் (பிராசசருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) பழைய மதிப்பாகவே கிடக்கக்கூடாது. அதற்காக ஒவ்வொரு பிளாக்கின் (கேஷுக்கு ஒரே மூச்சில் வந்துபோகும் நினைவகத் துண்டு) நகலும் யார் யாரிடம் இருக்கிறது என்று வன்பொருளில் ஒரு டைரக்டரி வைக்கிறோம். 64 பைட் பிளாக் என்றால் 512 பிட். தனக்கென்று கேஷ் வைத்திருக்கும் ஒவ்வொரு நோடுக்கும் ஒரு பிட் வீதம் 512 நோடு போட்டால், டைரக்டரியே நினைவகம் அளவுக்கு வீங்கிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மென்பொருளிடமே விட்டுவிடலாமே?

பழையபலகை:
கணக்கு சரி தம்பி, ஆனால் அப்படி யார் கட்டுகிறார்கள்? ஸ்டான்ஃபோர்டில் உருவான டாஷ் இயந்திரத்தின் வடிவமைப்பைப் பாருங்கள். 16 கிளஸ்டர் (பிராசசர் குழு), ஒவ்வொன்றிலும் 4 பிராசசர். டைரக்டரியில் பிட் கிளஸ்டருக்கு ஒன்றுதான். கிளஸ்டருக்குள் எல்லாருக்கும் பொதுவான பஸ் என்ற தடத்தில் யார் எதை எழுதுகிறார்கள் என்று கேஷ்கள் ஒட்டுக்கேட்டே சமாளித்துக்கொள்ளும். அந்த 16 பிட்டோடு பிளாக் மாற்றப்பட்டதா என்று குறிக்க ஒன்று சேர்த்து, 16 பைட் பிளாக்குக்கு 17 பிட், அதாவது சுமார் 13 சதவீதம் கூடுதல். பிளாக்கைப் பெரிதாக்கினால் அதுவும் குறையும். தவிர, கேஷில் இருக்கும் பிளாக்குகளுக்கு மட்டும் பதிவேடு வைத்தாலே போதும்.

நத்தைக்கொம்பு:
பிளாக்கைப் பெரிதாக்கினால் ஃபால்ஸ் ஷேரிங் வருமே! இரண்டு திரெட்டுக்கு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) இரண்டு கவுன்ட்டர், நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்திருந்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஒரே கேஷ் வரி, அதாவது ஒரே பிளாக், என்பதால் அது இங்கும் அங்கும் அலைந்து, ஒரு திரெட்டில் ஓடியதைவிட மெதுவாக ஓடியது.

பழையபலகை:
64 பைட்டுக்கே அழுகிறீர்களே, மென்பொருளில் அலகு என்ன தெரியுமா? இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்து வைக்கும் முழுப் பக்கம்! 1980-களில் கை லீ யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஐவி என்ற மென்பொருள் பகிர்நினைவகம் அப்படித்தான். ஒரே பக்கத்தில் இரண்டு பேர் எழுதினால், அந்தப் பக்கம் நெட்வொர்க்கில் பந்தாடப்படும்.

சாவிக்கொத்து:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஐவியோடு கதை முடியவில்லை அண்ணே. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ட்ரெட்மார்க்ஸ் என்ற மென்பொருள் இதற்கு அழகான வழி கண்டது. பக்கத்தில் முதல்முறை எழுதும்போதே அதன் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய பைட்டுகளை மட்டும் அனுப்பும். அதனால் ஒரே பக்கத்தின் வேறு வேறு இடங்களில் இருவர் ஒரே நேரத்தில் எழுதலாம். அதுவும் உடனே அனுப்பாது. அடுத்தவர் பூட்டை (பகிர்ந்த தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொட விடும் ஏற்பாடு) வாங்கும்போதுதான் "இந்தப் பக்கங்கள் மாறிவிட்டன" என்று சொல்லும். அந்தப் பக்கத்தை அவர் தொட்டால்தான் மாற்றங்கள் போய்ச் சேரும். எனக்கு இந்தச் சோம்பேறித்தனம் ரொம்பப் பிடிக்கும்.

பழையபலகை:
பிடிக்கட்டும். ஆனால் பூட்டை ஒழுங்காகப் போட்ட நிரலுக்குத்தான் அது செல்லும். ஒரு பூட்டை மறந்தால்?

நத்தைக்கொம்பு:
வன்பொருள் ஒத்திசைவு இருந்தாலும் பூட்டை மறந்தால் அதே கதிதானே! ஒத்திசைவு (கோஹரன்ஸ்) இருந்தால், ஒரே தரவில் இருவர் முந்திக்கொண்டு மோதும் ரேஸ் வராது என்று யார் சொன்னது?

பழையபலகை:
அது நியாயம். ஆனால் 2009-இல் இன்டெல் காட்டிய 48 கோர் ஆராய்ச்சிச் சில்லில் வன்பொருள் ஒத்திசைவே கிடையாது. அங்கே பூட்டு சரியாக இருந்தாலும் கேஷைக் காலிசெய்ய மறந்தால் பழைய மதிப்புதான் கிடைக்கும். அந்தப் பிழையை எந்த டீபக்கரில் தேடுவீர்கள்?

நத்தைக்கொம்பு:
சரி, ஒரே சில்லுக்குள் என்றால் 512 கணக்கை வாபஸ் வாங்குகிறேன். ஒரே கணினிப் பெட்டியைத் தாண்டினால் மாட்டேன்.

சாவிக்கொத்து:
பெட்டிக்கு வெளியேயும் வந்தாயிற்று. பிராசசர்களையும் நினைவகத்தையும் இணைக்கும் தரநிலையான சிஎக்ஸ்எல், 2022-இல் வந்த அதன் 3.0 விதிகளில், பல கணினிகள் பகிரும் நினைவகத்துக்கும் வன்பொருள் ஒத்திசைவு உண்டு. நாளைக்கு அதற்குத் தனி இழை போடுகிறேன், அங்கே வந்து சண்டை போடுங்கள்.