புதுப்பிப்பு: வேலையை விட்டுக் கற்பிக்கப் போய்விட்டேன்

நிலவடிவமைப்பு நிறுவன வேலையை விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்தில் கல்லூரியில் கற்பிக்கப் போகலாமா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். பலரும் வேண்டாம் என்றீர்கள். போய்விட்டேன், இரண்டு பருவங்களும் முடிந்துவிட்டன. பணம் கையைக் கடிக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் திரும்பிப் போகமாட்டேன்.

மாணவர்களின் முதல் பயிற்சிக்குச் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எடுத்தோம். 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நிலவடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க் கற்பித்த முறைதான்: மண், சரிவு, நீரோட்டம், தாவரம் என ஒவ்வொன்றையும் தனித்தனி டிரேசிங் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. கணினியில் நொடியில் முடியும். நான் கையால்தான் வரையச் சொன்னேன். கை வரைந்தால்தான் கண் பார்க்கும்.

சதுப்புநிலத்து நீர் ஒக்கியம் மடுவு என்னும் கால்வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு இறங்கும் நீலக் கோட்டின் மேல் கட்டடங்களை வரைந்த தாளை வைத்தபோது ஒரு மாணவியின் விரல் அப்படியே நின்றுவிட்டது. அங்கே இருந்தது அவள் வீடு. "அதனால்தான் 2015இல் மாடிப்படி வரை தண்ணீர் வந்ததா சார்?" என்றாள். அன்று வேறு பாடம் நடத்தவில்லை.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். அந்த மடுவுதான் என் ஆய்வுக் களம். அந்தப் பகுதியின் பழைய நில வரைபடமோ புகைப்படமோ உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நேரில் வந்து நகல் எடுத்துக்கொள்கிறேன்.