குன்னூர் கிடங்கு, தினம் 350 ஆர்டர்: எதை முதலில் தானியங்கி ஆக்குவது?

குன்னூர்_சரக்கு
வணக்கம். தேயிலைத் தூள், யூகலிப்டஸ் தைலம், தேன், மிளகு, சாக்லேட் என 180 வகைப் பொருட்களை ஆன்லைனில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறோம். தினம் 350 ஆர்டர் வருகிறது, தீபாவளி சமயத்தில் இரண்டு மடங்காகிவிடும். கிடங்கு 2,400 சதுர அடி, ஒரே தளம். பொருள் எடுக்க நாலு பேர், பேக்கிங்குக்கு மூணு பேர். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ரேக் ரேக்காகத் தேடுகிறோம். பிஓபி (குருணை மாதிரியான தேயிலை ரகம்) கேட்டவருக்கு டஸ்ட் (பொடித் தேயிலை ரகம்) போய்விடுகிறது. மோட்டார் கன்வேயர் (பெட்டிகளை நகர்த்தும் ஓடுபட்டை) போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

ரேக்_வரிசை
கன்வேயர் இப்போது வேண்டாம். பெட்டி நகர்வதில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆள் நடப்பதிலும் பொருள் மாறுவதிலும்தான் பிரச்சினை, அது இரண்டையும் கன்வேயர் தீர்க்காது.

முதலில் ஒவ்வொரு தட்டுக்கும் முகவரி கொடுங்கள்: வரிசை, ரேக், தட்டு, கட்டம். ‘ஏ-03-2-4’ மாதிரி எழுதி, பார்கோடோடு ஒட்டிவிடுங்கள். ஒரு கட்டத்தில் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். அடுத்து, கடந்த 3 மாத ஆர்டர்களை எடுத்து, எந்தப் பொருள் எத்தனை ஆர்டரில் வந்தது என்று எண்ணுங்கள். விற்ற எடையைப் பார்க்காதீர்கள். அதிகம் வருபவை பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். அப்புறம், 12 கிரேட் (ஆர்டருக்கு ஒன்றாகத் திறந்த பெட்டி) வைத்த தள்ளுவண்டி. ஒரு சுற்றில் 12 ஆர்டர், கிடங்கு மென்பொருள் ரேக் வரிசைப்படி பட்டியல் தரும். 350 தடவை போய்வருவது 30 சுற்றாகிவிடும்.

பொருள் மாறாமல் தடுப்பது பேக்கிங் மேசை. கிரேட்டில் உள்ள எல்லாப் பொருளையும் ஸ்கேன் செய்து முடிக்கும்வரை கூரியர் லேபிள் அச்சாகவே கூடாது. இந்த ஒரு பூட்டை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். அவசரம் என்று ஒரு பாக்கெட்டையே மூன்று தடவை ஸ்கேன் செய்வார்கள், அதிலும் பிஓபியும் டஸ்டும் கலந்து போகும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் தனி எண் உள்ள க்யூஆர் ஒட்டினால் அந்த வழியும் அடைபடும். அதிலேயே பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் சேர்த்துவிட்டால், முதலில் காலாவதியாவதை முதலில் எடுக்கச் சொல்லும் வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

ஈரப்பதம்_கவனம்
மேலே சொன்னது அத்தனையும் சரி. மலைக்கென்று சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

எடை போட்டுச் சரிபார்க்கும் தராசு வாங்குவீர்கள். ஜூன், ஜூலையில் அட்டைப்பெட்டி ஈரத்தை இழுக்கும். 300 கிராம் பெட்டியில் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 14க்குப் போனால் ஏறக்குறைய 20 கிராம் கூடிவிடும். 10 கிராம் வித்தியாசத்துக்கே நிற்கும்படி வைத்தால் சரியான பெட்டிகளும் நிற்கும், ஆட்கள் தராசையே அணைத்துவிடுவார்கள். 40 கிராம் வரை விடுங்கள், 100 கிராம் பாக்கெட் விடுபட்டாலும் மாட்டிக்கொள்ளும். சம எடையில் பொருள் மாறினால் தராசுக்குத் தெரியாது, அதற்கு ஸ்கேன்தான்.

காற்றில் ஈரம் 90 சதவீதம் தொட்டால் அட்டையின் தாங்கும் திறன் பாதிக்குப் பாதி குறையும், அடுக்கின் அடிப்பெட்டி நசுங்கும். பெட்டிக் கட்டுகளைத் தரையில் வைக்காமல் பேலட் (சரக்கு அடுக்கும் தாங்கு பலகை) மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கினால் டெசிகன்ட் வகை (ஈரம் இழுக்கும் பொருளால் காற்றை உலர்த்துவது) பாருங்கள். கம்ப்ரசர் வகையில், டிசம்பர் இரவுக் குளிரில் அதன் குளிர்க்குழாய்ச் சுருள்மேல் பனி பிடித்து வேலை நின்றுவிடும்.

குன்னூர்_சரக்கு
மிக்க நன்றி. தைலத்தையும் தூளையும் ஒரே வண்டியில் எடுக்கலாமா?

ஈரப்பதம்_கவனம்
எடுக்காதீர்கள் சார். தேயிலை எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். தைலத்துக்குக் காற்றோட்டமுள்ள தனி அறை, தனி கிரேட், தனி மேசை வேண்டும். தைலம் தீப்பற்றும் திரவம். அந்த ஆர்டர்களைத் தரைவழி சேவைக்கு மட்டுமே ஒதுக்கும்படி மென்பொருளில் விதி போடுங்கள். இன்னொன்று, சாதாரண தெர்மல் லேபிளில் (மை இல்லாமல் சூட்டில் அச்சாவது) தைலம் ஒரு சொட்டுப் பட்டாலே அச்சு கெட்டுவிடும், ஸ்கேனர் படிக்காது. அந்த மேசைக்கு மட்டும் ரெசின் ரிப்பன் (எண்ணெய் பட்டாலும் எளிதில் அழியாத மை நாடா) போடும் பிரிண்டர் வாங்குங்கள்.

பர்லியார்_வளைவு
பேக்கிங் மேசையிலிருந்து கூரியர் வாசலுக்கு மோட்டார் இல்லாத உருளைப் பாதை போதும். 3 மீட்டருக்கு 10 செ.மீ. சரிவு கொடுங்கள். எந்தப் பெட்டியும் எப்போதும் குறைந்தது மூன்று உருளை மேல் இருக்க வேண்டும். உருளைகளை மையத்துக்கு மையம் 7.5 செ.மீ. இடைவெளியில் வைத்தால் 23 செ.மீ. நீளமுள்ள சின்னப் பெட்டியும் சிக்காமல் ஓடும். கவர்களை அதில் விடாதீர்கள், கிரேட்டில் போட்டு விடுங்கள்.

இரண்டு மேசைக்கு ஒரு 1 கேவிஏ யுபிஎஸ், வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு இணைய இணைப்பு. இணையம் போனாலும் ஸ்கேன் ஓடும் மென்பொருளா என்று, விலை பேசுவதற்கு முன்பே ரவுட்டரை அணைத்துப் பாருங்கள்.

அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் பார்சல் கீழே இறங்காது. இரண்டு நாள் பார்சல் தங்க வாசலருகே இடம் ஒதுக்குங்கள். அதிகம் விற்கும் 30 பொருளை மேட்டுப்பாளையத்தில் சின்னக் கிடங்காக வைப்பது இன்னும் நல்லது. அந்த முகவரியை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் இடமாகச் சேர்க்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமமும் அந்த இடத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். சாக்லேட்டை மட்டும் கீழே வைக்காதீர்கள், அந்த வெயிலுக்கு உருகிவிடும்.