கைத்தீர்ப்பு: இறவாதவர் கதைகளுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

சட்டத்துக்கு வெளியே நின்று தானே தீர்ப்புச் சொல்லித் தானே தண்டிப்பவரை ஆங்கிலத்தில் 'விஜிலன்ட்டி' என்பார்கள். இறவாத மனிதர்களைப் பற்றிய கதைகளில் வரும் அத்தகைய செயலுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'விழிப்புக்குழு நீதி' என்றே வைத்துவிடலாம். விஜிலன்ட்டி என்பதன் வேரும் விழிப்புதானே?

வேர் அதுதான். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் காவலாளி என்று பொருள். 1851-இல் சான் பிரான்சிஸ்கோவில் நகரத்தார் கூடி அமைத்த விழிப்புக் குழு நான்கு பேரைத் தூக்கிலிட்டது. ஆனால் வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் பொருள் நழுவிவிடும். நமக்கு விழிப்பு என்றவுடன் விழிப்புணர்வுப் பேரணிதான் நினைவுக்கு வரும். கண்காணிப்பு என்றால் ஊழல் தடுப்புத் துறை. அதைவிடப் பெரிய சிக்கல், நாம் பேசவந்த கதைகளிலேயே இருக்கிறது. 1992 முதல் 1998 வரை ஓடிய 'ஹைலேண்டர்' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில், தலையை வெட்டினால் மட்டுமே சாகும் இறவாதவர்களைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கும் மனிதர்களின் இரகசியச் சங்கம் ஒன்று உண்டு. பார்க்கலாம், எழுதலாம், தலையிடக் கூடாது என்பது அவர்கள் விதி. அவர்களில் ஹார்ட்டன் என்பவன் விதியை மீறி இறவாதவர்களை வேட்டையாடத் தொடங்கும்போதுதான் கதையே சூடு பிடிக்கிறது. அங்கே போய் 'கண்காணிப்பு நீதி' என்று எழுதினால், கைகட்டி நிற்பவனையும் கத்தி எடுத்தவனையும் ஒரே சொல்லில் அடைத்ததாகிவிடும்.

> 'தன்னொறுப்பு' எப்படி? ஒறுத்தல் குறளில் இருக்கிறது.

இருக்கிறது, அழகான சொல்லும்கூட. ஆனால் அதைக் கிறிஸ்தவத் தமிழ் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. நோன்பிருந்து தன்னைத் தானே வருத்திக்கொள்வதற்கு அங்கே அதுதான் பெயர். குறளின் 'வேந்தொறுத்தல்' என்ற தொடரையும் பாருங்கள். கொலையிற் கொடியாரை ஒறுப்பவர் யார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் கதைகளில் இல்லாதது அந்த வேந்துதான்.

'சட்டத்தைக் கையில் எடுத்தல்' என்ற வழக்கே போதுமே என்றார் இன்னொரு நண்பர். செய்தித்தாளுக்குப் போதும். ஆனால் கையில் எடுப்பதற்குச் சட்டம் எங்காவது கிடக்க வேண்டுமல்லவா? இறவாதவர்களுக்கு எந்த நாட்டுச் சட்டமும் கிடையாது. அவர்கள் இருப்பதே நீதிமன்றங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஆயுள் தண்டனை என்று எழுதிவிட்டு எத்தனை தலைமுறைக் காவலர்களை நியமிப்பது? 'ஹைலேண்டர்' தொடரில் அவர்களுக்குள்ளே இருப்பது சண்டை விதிகள் மட்டுமே: ஒருவரோடு ஒருவர்தான் மோத வேண்டும், புனித நிலத்தில் மோதக் கூடாது. எப்படிக் கொல்வது என்பதற்கு விதி இருக்கிறது. யாரைக் கொல்லலாம் என்பதற்கு இல்லை.

ஆகவே அந்த வழக்கிலிருந்து கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் முன்மொழிவு: கைத்தீர்ப்பு. செய்பவர் கைத்தீர்ப்பாளர்.

'தீர்' என்ற வினை இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. வழக்கைத் தீர்ப்பதும் தீர்த்துக்கட்டுவதும் தமிழில் ஒரே வேர். 'நீதி' என்று போட்டால் செயலை முன்கூட்டியே வாழ்த்திவிடுகிறோம். 'பழி' என்று போட்டால் முன்கூட்டியே திட்டிவிடுகிறோம். கலைச்சொல் இரண்டையும் செய்யக் கூடாது. தீர்ப்பு என்றாலே மன்றம் வேண்டுமே என்று கேட்பீர்கள். மன்றம் இல்லாமலே தான் சொல்வது தீர்ப்புதான் என்று அவன் நம்புகிறானே, சொல் அந்த நம்பிக்கையைக் காட்டட்டும். மன்றம் இல்லை என்பதைக் 'கை' காட்டிவிடும்.

கையூட்டில் உள்ள கையும் எனக்கு இங்கே தேவைப்படுகிறது. இந்தத் தொடரில் தலை வீழ்ந்ததும் இறந்தவரின் ஆற்றல் மின்னலாக வெட்டியவரின் உடலுக்குள் பாய்கிறது. அபராதத் தொகை முழுவதும் நீதிபதியின் பைக்கே போகும் நீதிமன்றத்தை நினைத்துப் பாருங்கள். நாயகன் டங்கன் நல்லவன்தான். ஆனால் ஒவ்வொரு தீர்ப்பும் அவனை வலுவாக்குகிறது. கொடுங்கோன்மைக்கு வித்திடுபவர்களைத் தேடிக் கொல்லும் இங்ரிட் என்ற பழைய தோழியை அவனே வெட்ட நேர்கிறது. கைத்தீர்ப்பாளர்மீது ஒரு கைத்தீர்ப்பு! அவளுக்கு மறுத்த உரிமை அவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? தொடர் அதற்கு விடை சொல்லாமல் விட்டதை நான் குறையாகக் கருதவில்லை.

இறக்குமதிச் சரக்குக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கேட்டவருக்கு: சிரஞ்சீவிப் பட்டியலில் இருவரைப் பாருங்கள். தந்தையைக் கொன்றதற்காக இருபத்தொரு முறை அரசகுலத்தை அறுத்தவர் பரசுராமர். தந்தையை வஞ்சித்துக் கொன்றார்களென்று இரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களை வெட்டியவன் அசுவத்தாமன். அவனுக்குச் சாவு கிடைக்கவில்லை. நெற்றி மணியைப் பறிகொடுத்து, ஆறாப் புண்ணோடு மூவாயிரம் ஆண்டு அலைய வேண்டும் என்ற சாபம் கிடைத்தது. இறவாமையே தண்டனை. மேலைத் தொடர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

(இடையில் ஒன்று: 'அமரர்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். தேவர்களைக் குறித்த அச்சொல் இன்று இரங்கல் சுவரொட்டியில்தான் வாழ்கிறது. 'இறவார்' அல்லது 'இறவாதவர்' போதும்.)

சொல் சரியா என்று ஒரு காட்சியில் உரசிப் பார்த்தேன். அதே 'ஹைலேண்டர்' தொடரில் டங்கனின் நண்பனான ஐயாயிரம் வயது மெத்தோஸ், வெண்கலக் காலத்தில் ஊர் ஊராகக் கொன்று குவித்த நால்வரில் ஒருவன் என்பது தெரியவருகிறது. அன்று தன் குடியை இழந்த இன்னொரு இறவாதவளான கசாண்ட்ரா அவனுக்குமேல் கோடரியை ஓங்கி நிற்கிறாள். அவனோ தரையில் கிடந்து அழுகிறான். அவளைத் தவிர வேறு சாட்சி இல்லை. கோடரிக்குக் கீழே இருப்பவன் அன்றைய ஆள்தானா என்று சோதிக்கவும் வழியில்லை. அவன் வாழ வேண்டும் என்கிறான் டங்கன். அவள் கோடரியைப் போட்டுவிட்டு வெளியேறுகிறாள்.

ஓங்கியது கைத்தீர்ப்பு, அதில் எனக்கு ஐயமில்லை. போட்டதற்குத்தான் சொல் தேவை. 'மன்னிப்பு' பொருந்தாது, அவள் மன்னிக்கவில்லை. 'பொறுத்தல்' என்றாலும் மிகை. கைத்தீர்ப்புக்கு இணையாகக் 'கைவிடல்' என்று வைக்கலாமா? கோடரியையும் தீர்ப்பையும் ஒருசேரக் கைவிட்டாள் என்று எழுத முடியும். ஆனால் ஆதரவற்றோரைக் கைவிட்டார்கள் என்ற பொருள் குறுக்கே வந்து நிற்கிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.