எக்ஸ்பாத்: இரண்டாம் நிலை பிரிவுகளை மட்டும் எடுப்பது எப்படி?

கேள்வி:
பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் (எக்ஸ்எம்எல் படிக்கும் லைப்ரரி) வைத்து இந்த ஃபைலைப் படிக்கிறேன். டேகுகளை எக்ஸ்பாத்தில், அதாவது அவற்றைப் பாதையாக எழுதித் தேடும் மொழியில், தேடுகிறேன்.

<நூல்>
  <பிரிவு எண்="1">
    <பிரிவு எண்="1.1">
      <பிரிவு எண்="1.1.1"/>
    </பிரிவு>
    <உடல்>
      <பிரிவு எண்="1.2"/>
    </உடல்>
  </பிரிவு>
</நூல்>

1.1, 1.2 இரண்டு மட்டும் வேண்டும். //பிரிவு/பிரிவு போட்டால் 1.1.1-உம் சேர்ந்து வருகிறது, 1.2 வரவில்லை. /நூல்/பிரிவு/பிரிவு போட்டால் 1.1 மட்டும்தான்.

பதில்:
ஒற்றைச் சாய்கோடு நேரடிப் பிள்ளையை மட்டுமே பார்க்கும். நடுவில் 'உடல்' நிற்பதால் 1.2 விடுபடுகிறது. பாதையை எண்ணாதீர்கள், மேலே எத்தனை 'பிரிவு' இருக்கிறது என்று எண்ணுங்கள்:

//பிரிவு[கவுண்ட்(ஆன்செஸ்டர்::பிரிவு)=1]

(கவுண்ட் என்றால் எண்ணுவது, ஆன்செஸ்டர் என்றால் ஒரு டேகைச் சூழ்ந்து மேலே இருக்கும் டேகுகள். இரண்டையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். கோடில் ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக அடியுங்கள்.)

முதல் நிலைக்கு 0, மூன்றாவதற்கு 2. ஆன்செஸ்டருக்குள் 'பிரிவு' இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிடாதீர்கள். அது பெயர் எதுவானாலும் மேலே இருக்கும் எல்லா எலிமென்ட்டையும் (டேகையும்) எண்ணும்: 1.1-க்கு 2 வரும், 1.2-க்கும் 1.1.1-க்கும் 3 வரும். நிலை வேறான இரண்டும் ஒன்றாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
சரியாக வருகிறது, நன்றி. ஆனால் நிஜ ஃபைலில் முதல் நிலைப் பிரிவுகள் நிறைய. ஒவ்வொன்றாக லூப்பில் எடுத்து, அதன் மேல் இதே வரியை ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் மொத்த ஃபைலின் பிரிவுகளும் வருகின்றன.

பதில்:
இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கினால், எந்த நோடில் (இங்கே, எந்த டேகில்) நின்று கூப்பிட்டாலும் ஆவணத்தின் உச்சியிலிருந்துதான் தேடும். முன்னால் ஒரு புள்ளி வையுங்கள்: .//பிரிவு[...]

புள்ளி வைத்தாலும் ஆன்செஸ்டர் எண்ணிக்கை அந்த நோடோடு நிற்காது, உச்சிவரை போகும். முதல் நிலையிலிருந்து ஓட்டும்வரை =1 சரிதான். 1.1-ல் நின்று அதன் அடுத்த நிலையைக் கேட்டால் =1 என்பதற்கு ஒன்றும் கிடைக்காது, 2 வேண்டும். அந்த எண்ணைக் கையால் போடாமல், நிற்கும் நோடில் கவுண்ட்(ஆன்செஸ்டர்-ஆர்-செல்ஃப்::பிரிவு) ஓட்டி வாங்கி (இது அந்த நோடையும் சேர்த்து எண்ணும்), எக்ஸ்பாத் வேரியபிளாக உள்ளே அனுப்புங்கள். எல்எக்ஸ்எம்எல் அதை 2.0 என்று ஃப்ளோட்டாகத் தரும், ஒப்பிட அது தடையில்லை.

இன்னொருவர்:
முதலாவது மட்டும் போதும் என்று கடைசியில் [1] சேர்த்தால் மேலே உள்ள மாதிரியிலேயே 1.1, 1.2 இரண்டும் வரும். [1] என்பது ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாகப் பொருந்துவதுதான் காரணம். முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்டு வெளியே வையுங்கள்: (//பிரிவு[...])[1]

எதுவுமே வராமல் வெறும் லிஸ்ட் கிடைத்தால் ஆழத்தைச் சந்தேகிக்கும் முன் 'நூல்' டேகைப் பாருங்கள். அங்கே டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் (உள்ளே வரும் டேக் பெயர்களோடு தானாகச் சேரும் அடையாளம்) இருந்தால், எக்ஸ்பாத் 1.0-ல் ப்ரிஃபிக்ஸ் (அந்த அடையாளத்துக்காகப் பெயரின் முன் போடும் குறி) இல்லாத 'பிரிவு' எதனுடனும் பொருந்தாது. ஒரு ப்ரிஃபிக்ஸைப் பதிவு செய்து, ஆன்செஸ்டருக்குள் இருக்கும் 'பிரிவு'க்கும் சேர்த்துப் போடுங்கள். அங்கே விட்டுவிட்டால் எண்ணிக்கை எப்போதும் 0, பிழைச் செய்தியும் வராது.

கேள்வி கேட்டவர்:
நேம்ஸ்பேஸ் இருக்கிறது! இரண்டு இடத்திலும் ப்ரிஃபிக்ஸ் போட்டதும் நிஜ ஃபைலிலும் வந்துவிட்டது.