பங்காளி வீட்டுக்கு ஊர்ப் பணம் போடலாமா?

வளவு:
எங்க ஐயா கட்டின வீடு, கோட்டையூர்ப் பக்கம். 14 புள்ளிக்குப் பங்கு; கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. போன ஐப்பசி மழையில ரெண்டாங்கட்டு ஓடு சரிஞ்சு தண்ணி நேரா உள்ளே இறங்குது. பர்மாத் தேக்கு உத்தரத்து முனையில கை வச்சா மாவா உதிருது. ஆத்தங்குடிக் கல் இடுக்குல அரசங்கன்னு முழங்கால் உயரம் நிக்குது. அறக்கட்டளை ஒண்ணு தொடங்கலாம். பங்காளிகள், ஊர்க்காரங்க, அரசாங்கம் மூணு பேரும் கை கொடுத்தா காப்பாத்திடலாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல இருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல இருக்கு. இது ஒரு குடும்பத்துச் சொத்து மட்டும் இல்லை.

ஊருணிக்கரை:
ஒரு குடும்பத்துச் சொத்துதான் அண்ணே. பத்திரம் யார் பேர்ல இருக்கு? எங்க அப்பாயி இந்த மாதிரி ஒரு வீட்டுல நாப்பது வருசம் நெல்லு குத்துச்சு. கொல்லை வழியா வரும், கொல்லை வழியாவே போகும். முகப்புல கால் வச்சதே இல்லை. அந்த முகப்புக்கு இப்ப எங்க வரிப்பணமா?

கரண்டி:
நான் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள இன்னொரு மழை வந்துடும். முதல்ல ஓடு மாத்துங்க, மத்ததெல்லாம் காத்திருக்கும். சுவர்ல சிமெண்டை அண்டவிடாதீங்க. சுண்ணாம்புச் சுவர் மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமா கழண்டுடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு இழைக்கத் தெரிஞ்ச கை எங்க பக்கம் குறைஞ்சுக்கிட்டே வருது. வேலை வந்தாத்தான் எங்க பசங்க கத்துக்குவாங்க. ஊருணிக்கரை அண்ணே, அந்தப் பணத்துல பெரும்பங்கு கூலியாத்தான் போகும்.

ஏழாம் புள்ளி:
நானும் பங்காளிதான், வேற ஊர். பணத்துக்கு முன்னாடி கையெழுத்து வேணும். எங்க வீட்டுல ஒரு புள்ளி ஒத்துக்கலை, எல்லாம் நின்னு போச்சு. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதுமே அங்க இருந்து எங்களுக்கு வந்த வருமானம் முறிஞ்சிடுச்சு. அப்புறம் வெள்ளையடிக்கவே கடன். கடைசியில தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போச்சு. முன்னோரைக் கும்பிடுற படைப்புக்கு எங்க ஆத்தா விளக்கேத்தின இடத்துல இப்ப வெறும் செங்கல். பிள்ளைங்க படிப்புக்காக வித்தோம், அதைக் குத்தம்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

ஊருணிக்கரை:
கரண்டி தம்பி சொல்ற கூலி நியாயம். ஆனா கானாடுகாத்தான்ல வீட்டை ஹோட்டலாக்கின மாதிரி நாளைக்கு இதையும் ஆக்கினா, ஊர் போட்ட காசு என்னாகும்? விக்கக் கூடாது, வாடகைக்கு விட்டா ஊருக்குப் பங்கு வரணும், எங்க தெருப் பிள்ளை கல்யாணமும் அந்த வீட்டு உள்முற்றத்து வளவுல நடக்கணும், முகப்பு வழியா. இதைப் பத்திரத்துல எழுதுவீங்களா?

வளவு:
எழுதுறேன். கொல்லை வழியைப் பத்தி நீங்க சொன்னது எங்க வீட்டுலயும் நடந்ததுதான். அடுத்த படைப்புக்கு எல்லாப் புள்ளியும் கூடுவோம், அன்னைக்கே கையெழுத்து கேக்குறேன். ஓடு மாத்துற செலவு பங்காளிகளோடது. ஊர்கிட்ட அதுக்கு அப்புறம் வர்றேன். கரண்டி தம்பி, ஓட்டைப் பார்க்க எப்ப வர்றீங்க?

கரண்டி:
ஞாயித்துக்கிழமை. ஏணி மட்டும் எடுத்து வைங்க.

ஊருணிக்கரை:
பத்திரம் பதிவாகட்டும். அதுவரைக்கும் நான் எதிர்ப்புத்தான்.