ஸ்டெப்னிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

காலடிப்பேட்டையிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மாதவரத்துப் பட்டறை ஒன்று, காரின் பின்னால் இழுத்துப்போகும் சின்னப் பயண வண்டி கட்டுகிறது. இரண்டு பேர் படுக்கலாம், அடுப்பும் உண்டு. அமெரிக்க வண்டிகளின் கையேட்டைத் தழுவி, ஓட்டுநர்களுக்குத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கொக்கி வரை முன்னால் நீளும் சட்டத்துக்கு 'ஏர்க்கால்' என்று போட்டுவிட்டேன். மாட்டுவண்டியிலேயே இருக்கிற சொல். சிக்கல் ஸ்டெப்னியில்தான். 'உதிரிச் சக்கரம்' என்று எழுதினால் கழன்று விழுந்த சக்கரம் போல இருக்கிறது. பாதுகாப்புக் கையேட்டில் அது ஆகாது. 'மாற்றுச் சக்கரம்' என்று போட்டால் வாக்கியம் இப்படி வருகிறது: "மாற்றுச் சக்கரத்தை இறக்கிச் சக்கரத்தை மாற்றி, மாற்றிய சக்கரத்தை ஏற்றவும்." எதை ஏற்றுவது?

பெரம்பூரிலிருந்து:

அம்மா, இந்தப் பொருளுக்குச் சங்க காலத்திலேயே சொல் உண்டு. புறநானூறு 102-ல் அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் 'உமணர் கீழ்மரத்து யாத்த சேம அச்சு' போன்றவனே என்கிறார். எருது இளையது, பாரம் பெரிது, பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, யாருக்குத் தெரியும் என்று உமணர், அதாவது உப்பு வணிகர், வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். இடம்கூட அதேதான், வண்டியின் அடிப்பக்கம்! 'சேமச் சக்கரம்' என்று தயங்காமல் எழுதுங்கள்.

உப்பு என்றதும் சொல்லத் தோன்றுகிறது. அத்திப்பட்டு உப்பளங்களும் பழைய உப்புக் கிடங்கான சால்ட் கோட்டர்ஸும் இருக்கிற வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு உமணர் சொல்லை மறப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

பாட்டு சரி ஐயா. ஆனால் சேமம் 'க்ஷேமம்' ஆயிற்றே. சக்கரமும் வடசொல்தான். ஒரே கலைச்சொல்லில் இரண்டு கடன் எதற்கு? பெரும்பாணாற்றுப்படை 'முழவின் அன்ன முழுமர உருளி' என்று உமணர் வண்டியின் சக்கரத்தைச் சொல்கிறது. அதற்கு முந்தின அடியில் 'கொழுஞ்சூட்டு' வருகிறது. சூட்டு என்றால் சக்கரத்தின் விளிம்பு வட்டை. ஆக டயருக்குச் சூட்டு, சக்கரத்துக்கு உருளி. அச்சு, ஆரக்கால், சக்கர நடுவில் உள்ள குடம் எல்லாமே நம்மிடம் இருக்கும்போது டயர் ஒன்றுக்கு மட்டும் ஏன் கையேந்த வேண்டும்?

பெரம்பூரிலிருந்து:

இறகு சிறகானது, அமர் சமரானது. அதுபோல ஏமம் சேமமாகியிருக்கலாம் என்பது என் கருத்து. ஏமம் என்றால் காவல்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அப்படியானால் மூலச்சொல்லையே எடுப்போம். 'ஏம உருளி'.

காலடிப்பேட்டையிலிருந்து:

ஐயா, ஏம என்று பார்த்ததும் படிப்பவருக்கு ஏமாற்றம்தான் நினைவுக்கு வரும். வேண்டாம்.

எண்ணூரிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். கன்டெய்னர் ட்ரெய்லர் பட்டறையில் பல வருடமாக இருக்கிறேன். எங்கள் பக்கம் அது ஸ்டெப்னி. மணலி ரோட்டில் நடுராத்திரி டயர் வெடித்தால் டிரைவர் தேடுவது ஸ்டெப்னியைத்தான். சேமச் சக்கரம் என்று படித்தால் சேமநல நிதி மாதிரி ஏதோ என்று நினைப்பார்.

பேரைவிட, அது எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்பதை அக்கா தெளிவாக எழுத வேண்டும். அடியில் கம்பிவடத்தில் தொங்கவிட்டால், டயர் காற்று இறங்கியதும் வண்டியும் தாழும், ஸ்டெப்னி வெளியே வராது. முதலில் சட்டத்தில் குறித்த இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். நான்கு மூலையிலும் இருக்கிற கால்கள் வண்டி ஆடாமல் இருக்க மட்டும்தான். அவற்றால் தூக்கினால் வளைந்துவிடும். காரிலிருந்து வண்டியைக் கழற்றக் கூடாது. தூக்கும் முன்பே எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். மாட்டியபின் 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். எங்கள் உப்புக் காற்றில் கம்பிவடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அவ்வப்போது இறக்கிப் பார்த்து கிரீஸ் போடவில்லையென்றால் அவசரத்துக்குச் சுற்றவே சுற்றாது.

இன்னொன்று. பின் பம்பரில் மாட்ட இடம் இருக்கிறதே என்று மாட்டக் கூடாது. இந்த மாதிரி வண்டியில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஏர்க்காலில் விழ வேண்டும். பின்னால் எடை ஏறினால் ஏர்க்கால் லேசாகி, வேகத்தில் வண்டி பாம்பு மாதிரி ஆடும். அந்தப் பம்பரே மெல்லிய தகட்டுக் குழாய்தான், ஸ்டெப்னியின் எடையில் வெல்டிங் விட்டுப்போகும். ஏர்க்காலின் மேல் மாட்டினால் எடுப்பதும் சுலபம்.

ராயபுரத்திலிருந்து:

எண்ணூர் அண்ணன் பக்கம் நான். ஸ்டெப்னி, வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் தெருப்பெயர். 1904-ல் அங்கே டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத வளையத்தில் டயர் பொருத்தி, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே கவ்வவைக்கும்படி செய்து விற்றார்கள். அப்போது கார்களுடன் இன்னொரு சக்கரம் தரும் வழக்கமில்லை. பிரேசில்காரர்கள் இன்றும் எஸ்டெப்பி என்கிறார்கள். இந்தச் சொல் ஆங்கிலேயரிடமே இப்போது வழக்கில் இல்லை, நாம் வைத்திருக்கிறோம். அதை ஆங்கிலம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. டயரும் அப்படித்தான். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் இன்று டயருக்கே பேர்போன நிறுவனம். அந்த ஊர்க்காரரிடம் 'சூட்டு' என்றால் எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து:

வழக்கில் இருப்பதை மட்டுமே எழுதுவதென்றால் இந்தக் குழு எதற்கு? பேருந்தும் ஒருநாள் புதுச்சொல்தான். எழுதாத சொல் எப்படிப் பழகும்?

பெரம்பூரிலிருந்து:

அந்தக் கேள்வியை நானும் ஏற்கிறேன். ஆனால் அடியில் தொங்குவதை ஏர்க்காலுக்கு மாற்றச் சொல்லிவிட்டார் எண்ணூர் தம்பி. 'கீழ்மரத்து' இனிப் பொருந்தாது. சேமம் மட்டும் நிற்கட்டும்.

காலடிப்பேட்டையிலிருந்து:

பதில் எழுதிய நான்கு பேரில் இரண்டு பேர் ஸ்டெப்னி என்கிறீர்கள். முதல் இடத்தில் 'சேமச் சக்கரம் என்னும் ஸ்டெப்னி' என்றும், பிறகு முழுக்க ஸ்டெப்னி என்றும் போடுகிறேன். எண்ணூர்த் தம்பி சொன்ன முறையைத் தனிப் பக்கமாகவே வைத்துவிட்டேன், படத்துடன். மெய்ப்பு நாளை வரும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

என் மறுப்பு இருக்கிறது. பின்னிணைப்பில் 'சேம உருளி'க்கு ஒரு வரியாவது இடம் கொடுங்கள் அம்மா. சேமத்தை விட்டுக்கொடுத்தேன், உருளியை விடமாட்டேன்.