புதுப்பிப்பு: வேலையை விடாமல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், இடம் கிடைத்துவிட்டது

ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்து ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், வேலையை விடாமல் டிகிரி படிக்க வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அக்கா, அண்ணன் எல்லோருக்கும் நன்றி. இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில், அதாவது டிப்ளமோ முடித்த நர்ஸ்களுக்கான டிகிரி படிப்பில், சேர்ந்துவிட்டேன்.

கைகொடுத்தது, "அனுபவச் சான்றை முதல்ல சரிபாருங்க" என்ற யோசனைதான். பிளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்தவர்களுக்கு 2 வருட அனுபவம் வேண்டும், அதுவும் ஆர்.என்.ஆர்.எம். (நர்ஸ், மிட்வைஃப் ஆகப் பதிவு செய்வது) பதிவுக்குப் பிறகுதான் கணக்கு. எங்கள் ஆபீஸ் முதலில் கொடுத்த சான்றில் சேர்ந்த தேதி மட்டுமே இருந்தது. பதவி, 'தற்போதும் பணியில் உள்ளார்' என்ற வரி, சீல் எல்லாம் சேர்த்து மறுபடி வாங்கினேன். அப்புறம் நுழைவுத் தேர்வு.

நான் எதிர்பார்க்காதது ஒன்று: தொலைநிலைப் படிப்பு என்றாலும் செய்முறை வகுப்புகளுக்குப் படிப்பு மையத்துக்கு நேரில் போயே ஆக வேண்டும். டூட்டி லிஸ்ட் போடும் சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள், கடைசி நேரத்தில் நைட் டூட்டியை மாற்ற யாரும் கிடைக்க மாட்டார்கள். படிப்பு குறைந்தது 3 வருடம்.

ஆண் நர்ஸ்கள் கவனிக்க: ஜி.என்.எம்.மில் மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும் பயிற்சி) படிக்காதவர்கள் அதற்கு ஈடான பயிற்சிச் சான்று வைத்திருக்க வேண்டும்.